கிளட்ச் முழுசா விடுகிறதா? ஆட்டோமேட்டிக் காரை மேனுவலாக மாற்றுபவர்களின் கேள்விகள்

பழைய காரை எடுத்து நிதானமாகப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் வாசகர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். அவற்றில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைக் கழற்றிவிட்டு மேனுவலும் ஹைட்ராலிக் கிளட்சும் போடுவது பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். ஆளுக்கு ஒரு விதமாகக் கேட்டிருந்தாலும் பெரும்பாலானவை வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: பெடலை மிதித்தால் கிளட்ச் முழுசாக விடுகிறதா (அதாவது இன்ஜினையும் கியர்பாக்ஸையும் பிரிக்கிறதா), காலை எடுத்தால் முழுசாகப் பிடிக்கிறதா. இதைச் சரிபார்க்காமல், கியர்பாக்ஸ் கெட்டுவிட்டது என்று மறுபடி இறக்கி ஏற்றிக் கஷ்டப்படுகிறவர்களைப் பார்த்தால் மனசுக்குச் சங்கடமாக இருக்கிறது. அதனால் பதில்கள் சில நீளமாகவே இருக்கும்.

கேள்வி: என் கார் பின்சக்கர ஓட்டம், ஆட்டோமேட்டிக்காக வந்தது. இதே இன்ஜினோடு இந்த மாடலை மேனுவலாகவும் விற்றிருக்கிறார்கள். அதன் 5 ஸ்பீடு கியர்பாக்ஸ், பெல் ஹவுசிங்கோடு (கிளட்சை மூடும் முன்கூடு) கிடைத்துவிட்டது. இன்ஜினில் வைத்துப் பார்த்தேன், போல்ட் ஓட்டைகள் எல்லாம் பொருந்துகின்றன. இனி கிளட்ச் செட் மட்டும் வாங்கினால் போதும்தானே சார்?

பதில்: ஓட்டை பொருந்துவது நல்ல தொடக்கம், ஆனால் போதாது. முதலில் ஆட்டோமேட்டிக்கில் கிளட்சுக்குப் பதிலாக இருக்கும் டார்க் கன்வர்ட்டரையும், அது மாட்டியிருக்கும் மெல்லிய ஃபிளெக்ஸ் பிளேட்டையும் கழற்றிவிட்டு, கிராங்க் ஷாஃப்டின் பின்முனை நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள். மேனுவல் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் நுனி அங்கே இருக்கும் பைலட் பேரிங்கில்தான் தாங்கி நிற்கும். ஆட்டோமேட்டிக்குக்கென்று வந்த சில கிராங்குகளில் அந்தத் துளையைக் கடைந்து முடித்திருக்க மாட்டார்கள், சிலவற்றில் துளை இருக்கும் ஆனால் அளவு வேறாக இருக்கும். துளையின் விட்டம், ஆழம், இன்புட் ஷாஃப்ட் நுனியின் விட்டம், நீளம் என்று நான்கையும் வெர்னியரில் எடுத்து எழுதிக்கொண்டால், அதற்கேற்ற பேரிங்கோ புஷ்ஷோ தேடலாம், இல்லையென்றால் லேத்தில் ஒரு ஸ்லீவ் கடைந்துகொள்ளலாம். இன்ஜின் காருக்குள் இருக்கும்போதே கிராங்கைக் கடைய முடியாது என்பதால் இதை முதல் நாளே பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

அடுத்தது ஃபிளைவீல், கிளட்ச் வந்து பிடிக்கும் கனமான சக்கரம். ஃபிளெக்ஸ் பிளேட்டுக்குப் போட்ட போல்ட்டை ஃபிளைவீலுக்குப் போடாதீர்கள், ஃபிளைவீல் தடிமனானது, பழைய போல்ட் நீளம் பற்றாது. அதோடு பல இன்ஜின்களில் இந்தப் போல்ட் ஒரு தடவை இறுக்கினால் மறுபடி பயன்படுத்தக் கூடாத வகை. போல்ட் ஓட்டை உள்ளே ஆயில் இருக்கும் பகுதி வரை திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள், அப்படி இருந்தால் திரெட்டில் சீலன்ட் போட்டாக வேண்டும், இல்லையென்றால் ஆயில் கசிந்து நேராகக் கிளட்ச் பிளேட்டுக்குப் போகும். ரிங் கியரின் பல் எண்ணிக்கை உங்கள் ஸ்டார்ட்டருக்குப் பொருந்த வேண்டும். இன்ஜின் பேலன்ஸ் எப்படிச் செய்யப்பட்டது என்பதையும் விசாரியுங்கள். சில இன்ஜின்களில் பேலன்ஸ் எடையில் ஒரு பங்கை ஃபிளைவீலிலேயே வைத்திருப்பார்கள். ஃபோர்டு 302 இன்ஜின் இதற்கு நல்ல உதாரணம்: 1980க்கு முந்தையவை 28 அவுன்ஸ் கணக்கு, 1980களில் அது 50 அவுன்ஸாக மாறியது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மாற்றிப் போட்டால் இன்ஜின் நடுங்கிக்கொண்டே இருக்கும்.

மற்றபடி பட்டியல் நீளம்தான்: பெடல் பாக்ஸ், கியர்பாக்ஸ் மவுண்ட், அதைத் தாங்கும் கிராஸ் மெம்பர், ரிவர்ஸ் லைட் சுவிட்ச், ஸ்பீடோமீட்டர் கேபிள் அல்லது சென்சார், நீளம் மாறிய புரொப்பெல்லர் ஷாஃப்ட், கியர் லீவருக்குத் தரையில் ஒரு ஓட்டை, அதை மூட ரப்பர் பூட். இவற்றைத் தனித்தனியாகத் தேடுவதைவிட, ஓடாத நிலையில் இருக்கும் முழு மேனுவல் கார் ஒன்று கிடைத்தால் அதை வாங்குவதே மேல். சின்னச் சின்ன கிளிப், பிராக்கெட், ஸ்பிரிங் எல்லாம் அதிலிருந்து வரும், அவைதான் தனியாகத் தேடினால் கிடைக்காதவை. அப்புறம், இன்ஜின் பின்பக்க ஆயில் சீலை இப்போதே புதுசாக மாற்றிவிடுங்கள்.

கேள்வி: கேபிள் கிளட்ச் போதாதா? ஹைட்ராலிக் ஏன்?

பதில்: கேபிள் போக நேரான, சூடு படாத வழி இருந்தால் கேபிளும் நன்றாகவே வேலை செய்யும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மாற்றி அமைக்கிற காரில் ஸ்டியரிங் ஷாஃப்ட், எக்ஸாஸ்ட் பைப், பிரேக் பூஸ்டர் எல்லாம் குறுக்கே நிற்கும், கேபிளை வளைத்து வளைத்துக் கொண்டுபோனால் பெடல் கனமாகும், கேபிளும் சீக்கிரம் தேயும். ஹைட்ராலிக்கில் பெடல் பக்கம் இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைக் குழாயில் தள்ளும், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டர் அந்த அழுத்தத்தில் கிளட்சை விடவைக்கும். அந்தக் குழாயை எப்படி வேண்டுமானாலும் வளைத்துக் கொண்டுபோகலாம். இன்ஜின் மவுண்டில் ஆடினாலும் பெடலில் தெரியாது. கிளட்ச் பிளேட் தேயத் தேய அதுவே தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

கேள்வி: பெடல் பாக்ஸ் மாட்டியாயிற்று. மாஸ்டர் சிலிண்டர் 16, 19, 22 மி.மீ. என்று மூன்று அளவில் கிடைக்கிறது. ஸ்லேவ் சிலிண்டர் 22 மி.மீ. பெரிய மாஸ்டராகப் போட்டுவிட்டால் கிளட்ச் நிச்சயமாக விடும் என்கிறார் நண்பர். அது சரியா?

பதில்: விடும்தான், ஆனால் அதோடு வேறு தொல்லைகளும் வரும். இந்த இடத்தில் ஊகிக்கவே வேண்டாம், கூட்டிப் பெருக்கினால் விடை வந்துவிடும். இரண்டு ஊசிக்குழல்களை ஒரு டியூபால் இணைத்து, சின்னதை அழுத்தினால் பெரியது கொஞ்சமாக நகரும் ஆனால் பலமாகத் தள்ளும் இல்லையா, அதேதான் இங்கேயும். மாஸ்டர் எவ்வளவு ஆயிலைத் தள்ளுகிறதோ அவ்வளவுதான் ஸ்லேவுக்குப் போகும், ஒரு சொட்டு கூடுதலாகப் போகாது.

முதலில் பெடலை அளக்கணும். பெடல் சுழலும் பின்னிலிருந்து கால் வைக்கும் இடத்தின் நடு வரை ஒரு நீளம், அதே பின்னிலிருந்து புஷ் ராட் மாட்டும் இடம் வரை இன்னொரு நீளம். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் பெடல் விகிதம். உங்களுடையது 6 என்று வைத்துக்கொள்வோம். பெடல் மேலிருந்து கீழே 150 மி.மீ. போகிறது என்றால் மாஸ்டருக்குள் பிஸ்டன் 25 மி.மீ. போகும். 19 மி.மீ. மாஸ்டரின் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய 284 சதுர மி.மீ., அதை 25ஆல் பெருக்கினால் 7.1 சி.சி. ஆயில். 22 மி.மீ. ஸ்லேவின் பரப்பு 380, ஆக ஸ்லேவ் 18.6 மி.மீ. தள்ளும். ஸ்லேவ் தள்ளும் நெம்புகோலான ஃபோர்க்கின் விகிதம் 1.8 என்றால், கிளட்சை அழுத்தி விடவைக்கும் ரிலீஸ் பேரிங் 10.4 மி.மீ. நகரும். புஷ் ராட் ஃப்ரீ பிளேயும், மாஸ்டருக்குள் இருக்கும் சின்னத் துளையை மூடும் வரை வீணாகும் தூரமும் சேர்ந்து மாஸ்டர் பிஸ்டனின் 25 மி.மீ.யில் 2 மி.மீ. கழித்தால்கூட பேரிங்குக்கு 9.5 மி.மீ. மிஞ்சுகிறது. டயாஃப்ரம் (விரல் விரலாகப் பிளந்த தட்டு ஸ்பிரிங்) வகை கிளட்ச் பலவற்றுக்கு 8 முதல் 10 மி.மீ. வரைதான் தேவை. உங்கள் கிளட்சுக்கு எவ்வளவு என்பதைத் தயாரித்தவர் கொடுத்த குறிப்பில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள், அந்த எண்தான் முடிவானது.

இதே கணக்கை 16 மி.மீ.க்குப் போட்டால், வீணாவதைக் கழிக்காமலே பேரிங் 7.3 மி.மீ.தான் நகர்கிறது. பெடல் பூப்போல இருக்கும், ஆனால் கிளட்ச் முழுசாக விடாது, கியர் போடும்போதெல்லாம் கரகரவென்று கேட்கும். 22 மி.மீ. போட்டால் 13.9 மி.மீ. அது தேவைக்கு மீறிய தூரம், டயாஃப்ரம் விரல்களை அளவுக்கு மேல் அழுத்தி வளைத்துவிடும், சில கிளட்ச்களில் விரல்கள் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதியிலேயே போய் இடிக்கும். ஸ்லேவுக்கும் ஒரு எல்லை இருக்கிறது, 25 மி.மீ. நகர அதில் இடமில்லையென்றால் பிஸ்டன் வெளியே வந்து ஆயில் கொட்டிவிடும்.

கால் பலத்தையும் பார்த்துவிடுவோம். ரிலீஸ் பேரிங்கை அழுத்த 1500 நியூட்டன் வேண்டும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், இதே பெடலில் 16 மி.மீ. மாஸ்டருக்கு ஏழரை கிலோ, 19க்குப் பத்தரை கிலோ, 22க்குப் பதினான்கு கிலோ அழுத்தம் காலுக்கு. ஸ்பிரிங்கும் உராய்வும் இதில் சேராது. நெரிசலில் ஒரு மணி நேரம் ஓட்டினால் பத்தரைக்கும் பதினான்குக்கும் உள்ள வித்தியாசம் முழங்காலில் தெரியும். உங்களுக்கு 19தான் என் பதில். உங்கள் பெடல் விகிதமும் ஃபோர்க் விகிதமும் வேறாக இருந்தால் விடையும் மாறும், அதனால் என் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் அளந்து போட்டுப் பாருங்கள்.

இன்னும் ஒரு விஷயம், பெடலுக்குக் கீழே ஒரு ஸ்டாப் போல்ட் கட்டாயம் வையுங்கள். கிளட்ச் முழுசாக விட்ட பிறகு பெடல் இன்னும் கீழே போகக் கூடாது. அதுபோலவே மாஸ்டரை மாட்டும் ஃபயர்வால் தகடு மிதிக்கும்போது வளைகிறதா என்று ஒருவரை உட்காரவைத்து மிதிக்கச் சொல்லி இன்ஜின் பக்கமிருந்து பாருங்கள். வளைந்தால் அந்தத் தூரம் முழுக்க வீண், பின்னால் ஒரு தடித்த தகடு வைத்துப் போல்ட் போட வேண்டும். புஷ் ராடும் முடிந்தவரை நேராகப் போகணும், சாய்ந்து தள்ளினால் பிஸ்டன் ஒரு பக்கம் தேய்ந்து, ஆயில் உள்ளே உங்கள் காலடியில் சொட்டும்.

கேள்வி: கிளட்ச் ஆயில் குழாயிலிருந்து எவ்வளவு ஏர் எடுத்தாலும் பெடல் மெத்தென்றே இருக்கிறது. ஒரு பாட்டில் பிரேக் ஆயில் காலி. என்ன செய்ய?

பதில்: மிதித்து மிதித்து ஏர் எடுப்பதை முதலில் நிறுத்துங்கள். வேகமாக மிதித்தால் ஆயில் நுரைத்து, பெரிய காற்றுக்குமிழி ஆயிரம் சின்னக் குமிழியாகிவிடும், அவை வெளியே வரவே மறுக்கும். ஸ்லேவின் ஏர் நிப்பிள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். அது ஸ்லேவின் உச்சியில் இருக்கணும். மாற்றி அமைக்கும் காரில் ஸ்லேவைத் தலைகீழாக மாட்டிவிடுவது ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது, நிப்பிள் கீழேயும் ஆயில் வரும் வழி மேலேயும் போய்விட்டால் எத்தனை பாட்டில் ஊற்றினாலும் காற்று உள்ளேயேதான் நிற்கும். திருப்பி மாட்ட வழியில்லையென்றால், குழாயோடு ஸ்லேவை மட்டும் கழற்றி, நிப்பிள் மேலே வரும்படி பிடித்து, பிஸ்டனை முழுசாக உள்ளே தள்ளி ஒரு கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு ஏர் எடுங்கள். கிளாம்ப் இல்லாமல் யாராவது பெடலை மிதித்தால் பிஸ்டன் தெறித்து வந்துவிடும், கவனம்.

மாஸ்டரையும் பாருங்கள். முன்பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்து மாட்டியிருந்தால் அதன் நுனியில் காற்று தங்கும். காரின் பின்பக்கத்தை உயர்த்தி மாஸ்டரை மட்டமாக்கிவிட்டு ஏர் எடுத்தால் போய்விடும். என்னைக் கேட்டால் முதலில் செய்ய வேண்டியது இதைவிட எளிது: நிப்பிளைத் திறந்துவிட்டு, மேலே டப்பாவில் ஆயில் குறையாமல் பார்த்துக்கொண்டு, தானாகச் சொட்ட விடுங்கள். பதினைந்து நிமிடம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். பிறகு நிப்பிளை மூடி, ஸ்லேவ் ராடைக் கையால் மெதுவாக உள்ளே தள்ளி விட்டால், மிச்சமிருக்கும் குமிழிகள் மாஸ்டர் டப்பாவில் மேலே வருவது கண்ணுக்கே தெரியும்.

இவ்வளவும் செய்த பிறகும் சரியாகவில்லையென்றால், பெடலை மிதித்து அப்படியே வைத்திருங்கள். இரண்டு மூன்று தடவை மிதித்தால் பெடல் உயர்ந்து அங்கேயே நின்றால் அது காற்று. மிதித்து வைத்திருக்கும்போதே மெல்லக் கீழே இறங்கினால் ஏதோ ஒரு சீல் விடுகிறது. வெளியே கசிவே இல்லாமல் இறங்கினால் மாஸ்டருக்குள் இருக்கும் ரப்பர்.

ஆயில் விஷயத்தில், டாட் 3 அல்லது டாட் 4, மூடி திறக்காத பாட்டில். டாட் 5 என்பது சிலிக்கான் வகை, மற்றதோடு கலக்கவே கூடாது, டாட் 5.1 வேறு, அது டாட் 4ஓடு சேரும். இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ ஒரு சொட்டு போனாலும் ரப்பர் எல்லாம் ஊதிவிடும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் இழுத்துவிட்டால் அது 155 வரை இறங்கலாம். குழாய் எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் போனால் இந்த வித்தியாசம் முக்கியம், அங்கே ஒரு வெப்பத் தடுப்புத் தகடு வையுங்கள். பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், இல்லையென்றால் உரித்துவிடும்.

கேள்வி: பெல் ஹவுசிங்கை டயல் கேஜ் வைத்து நடு பார்க்கணும் என்கிறார்களே, உண்மையிலேயே தேவையா அண்ணா? கார் கம்பெனியில் ஒவ்வொன்றுக்கும் பார்த்திருப்பார்களா என்ன?

பதில்: அதே மாடல் இன்ஜின், அதே மாடல் பெல் ஹவுசிங், பெல் ஹவுசிங்கை இடத்தில் நிறுத்தும் டவல் பின் இரண்டும் இடத்தில் இருக்கின்றன என்றால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் வேறு கம்பெனி பெல் ஹவுசிங், நடுவில் அடாப்டர் பிளேட், டவல் பின் காணாமல் போன இன்ஜின் என்று எதுவாக இருந்தாலும் பார்த்தே தீரணும் தம்பி. கிராங்க் சுழலும் நடுவும் கியர்பாக்ஸ் உட்காரும் துளையின் நடுவும் ஒரே கோட்டில் இல்லையென்றால் பைலட் பேரிங் கத்தும், கியர் தானாக வெளியே துள்ளும், கிளட்ச் பிளேட்டின் நடு உடையும். எல்லாம் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகுதான் தெரியும், அப்போது காரணம் யாருக்கும் புரியாது.

டயல் கேஜின் காந்தத்தை ஃபிளைவீலில் வைத்து, முள்ளைப் பெல் ஹவுசிங் நடுத் துளையின் உள்சுவரில் படவிட்டு, இன்ஜினைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் லேசாகச் சுற்றும். குறைந்த எண்ணுக்கும் கூடிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் 0.13 மி.மீ.க்குள் இருந்தால் விட்டுவிடலாம். 0.36 வந்தால் நடு விலகியிருப்பது அதில் பாதி, அதாவது 0.18. இதற்கென்றே நடு தள்ளிய டவல் பின்கள் 0.18, 0.36, 0.53 மி.மீ. அளவுகளில் வருகின்றன, பொருத்தமானதைப் போட்டுத் திருப்பிச் சரிசெய்யலாம். கியர்பாக்ஸ் வந்து உட்காரும் முகத்தையும் அதே கேஜில் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஃபோர்க்கும் வெளியே ஸ்லேவும் வைப்பதா, இன்புட் ஷாஃப்டைச் சுற்றி உட்காரும் சென்டர் ஸ்லேவ் வைப்பதா?

பதில்: வெளியே இடம் இருக்கிற வரைக்கும் வெளி ஸ்லேவ்தான். கசிந்தால் இரண்டு போல்ட் கழற்றி மாற்றிவிடலாம். சென்டர் ஸ்லேவ் கசிந்தால் கியர்பாக்ஸையே இறக்கணும், கொட்டிய ஆயிலில் கிளட்ச் பிளேட்டும் போயிருக்கும். எக்ஸாஸ்ட் இடிப்பதால் வெளியே வைக்கவே முடியவில்லை என்றால் சென்டர் ஸ்லேவ் போடுங்கள், ஆனால் அளக்காமல் போடாதீர்கள். பெல் ஹவுசிங் முகத்திலிருந்து டயாஃப்ரம் விரல்கள் வரை ஓர் அளவு, கியர்பாக்ஸ் முகத்திலிருந்து முழுசாக உள்ளே தள்ளிய பேரிங் முகம் வரை இன்னோர் அளவு. இரண்டுக்கும் இடையில் தயாரித்தவர் சொல்லும் இடைவெளி இருக்கணும், பலர் நான்கு ஐந்து மில்லிமீட்டர் அளவில் சொல்கிறார்கள். கூடுதலாக இருந்தால் ஷிம் (மெல்லிய தகடு) வையுங்கள். இடைவெளியே இல்லையென்றால் பிளேட் தேயத் தேய விரல்கள் பின்னால் வர இடமில்லாமல் கிளட்ச் ஸ்லிப் ஆகும். இதற்கும் ஏர் எடுக்கும் குழாய் ஒன்றைத் தனியாக வெளியே கொண்டுவந்துவிடுங்கள். கியர்பாக்ஸ் ஏறுவதற்கு முன் பெடலை மிதிக்கவே கூடாது.

கேள்வி: கியர்பாக்ஸ் கடைசி ஒரு அங்குலம் உள்ளே போக மாட்டேன் என்கிறது. நீளமான போல்ட் போட்டு இறுக்கி இழுத்துவிடலாமா?

பதில்: கூடாது. பெல் ஹவுசிங் காது உடையும், இல்லையென்றால் பைலட் பேரிங்கோ கிளட்ச் பிளேட்டோ நசுங்கும். எல்லாம் நேராக இருந்தால் கையால் தள்ளினாலே வந்து உட்காரும். கியர்பாக்ஸை ஒரு கியரில் போட்டு, பின்பக்க ஷாஃப்டை லேசாகச் சுற்றிக்கொண்டே தள்ளுங்கள், ஸ்ப்ளைன் பல் இடம் பிடிக்கும். அப்படியும் வரவில்லையென்றால் கிளட்ச் பிளேட் நடுவில் இல்லை. மறுபடி வெளியே எடுத்து, பிரஷர் பிளேட் போல்ட்டுகளைத் தளர்த்தி, சென்டரிங் டூல் வைத்து நடுவாக்கிவிட்டு, எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பிளேட்டில் எந்தப் பக்கம் ஃபிளைவீலைப் பார்க்கணும் என்று அச்சிட்டிருக்கும், அதைத் திருப்பிப் போட்டாலும் இப்படித்தான் ஆகும், அல்லது போய் உட்கார்ந்தபிறகு கிளட்ச் விடாது. பாதி நுழைந்த கியர்பாக்ஸை அப்படியே தொங்கவிட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள், அத்தனை எடையும் கிளட்ச் பிளேட்டின் நடுவில் தொங்கி அதை வளைத்துவிடும். காரின் கீழே போகும்போது ஸ்டாண்டு இல்லாமல் ஜாக்கியை மட்டும் நம்பிப் போகவே வேண்டாம்.

கேள்வி: எல்லாம் மாட்டி ஸ்டார்ட் செய்தாயிற்று. ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று சத்தம், முதல் கியரும் தள்ளித்தான் போட வேண்டியிருக்கிறது. இன்ஜின் நிறுத்தியிருந்தால் எல்லா கியரும் வெண்ணெய் மாதிரி விழுகிறது. கியர்பாக்ஸ் போயிற்றா?

பதில்: இன்ஜின் நிறுத்தியிருக்கும்போது நன்றாக விழுகிறது என்று நீங்களே எழுதியிருப்பதுதான் விடை. கியர்பாக்ஸ் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது, கிளட்ச் விடவில்லை. பல கியர்பாக்ஸ்களில் ரிவர்ஸுக்கு வேகத்தைச் சமன்செய்யும் சிங்க்ரோ கிடையாது, அதனால் ரிவர்ஸ்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

இதை உறுதிசெய்ய இரண்டு சோதனை. ஓடும் இன்ஜினில் நியூட்ரலில் வைத்து கிளட்சை அடிவரை மிதித்து, ஐந்து ஆறு விநாடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் கரகரத்தால் ஷாஃப்ட் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். இன்னொன்று, இன்ஜினை நிறுத்தி, பின்சக்கரங்களை ஸ்டாண்டில் தூக்கி, கியரில் போட்டு, ஒருவர் கிளட்சை மிதிக்க மற்றவர் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பார்க்கலாம். லேசாகச் சுற்ற வேண்டும்.

விடவில்லை என்று தெரிந்துவிட்டால் ஸ்லேவ் ராட் எவ்வளவு நகர்கிறது என்று ஸ்கேல் வைத்து அளங்கள். மேலே சொன்ன கணக்கில் வந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். குறைவாக இருந்தால் காற்று, வளையும் ஃபயர்வால், ஊதும் பழைய ரப்பர் ஹோஸ், சின்ன மாஸ்டர் என்று வெளியிலேயே தேடலாம். முழுசாக நகர்ந்தும் விடவில்லையென்றால்தான் உள்ளே: ஃபோர்க் தாங்கும் பந்து குட்டையாக இருக்கலாம், பைலட் பேரிங் பிடித்திருக்கலாம், பிளேட் வளைந்திருக்கலாம், ஸ்ப்ளைனில் துருவோ காய்ந்த கிரீஸோ இருக்கலாம். ஸ்கேல் வைத்து அளக்க ஐந்து நிமிடம், கியர்பாக்ஸ் இறக்க ஒரு நாள், அதனால் அளந்துவிட்டு இறக்குங்கள்.

கேள்வி: சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சத்தமே இல்லை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் வயரை இரண்டையும் சேர்த்துவிட்டால் ஸ்டார்ட் ஆகுமாமே?

பதில்: ஆகும், ஆனால் கியரில் இருக்கும்போதும் ஸ்டார்ட் ஆகி கார் முன்னால் பாயும். முன்னால் யாராவது நின்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பழைய பார்க்-நியூட்ரல் சுவிட்ச் இருந்த அதே இரண்டு வயரில் கிளட்ச் பெடல் சுவிட்சைக் கொடுங்கள், பெடலை மிதித்தால் மட்டும் ஸ்டார்ட் ஆகட்டும். ரிவர்ஸ் லைட் வயரைப் புது கியர்பாக்ஸின் ரிவர்ஸ் சுவிட்சுக்குக் கொண்டுபோங்கள். குரூஸ் கன்ட்ரோல் இருந்தால் கிளட்ச் மிதித்ததும் அது விடும்படி இன்னொரு சுவிட்ச் வேண்டும். கார்புரேட்டர் இன்ஜினுக்கு வேறெதுவும் இல்லை. இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈசியு இருக்கும் காரில் அது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைத் தேடிக்கொண்டே இருக்கும், மேனுவல் காரின் ஈசியு போடணும் அல்லது இதையே மேனுவலுக்கு மாற்றி எழுதணும். முக்கியமாக, இனி பார்க் என்கிற பூட்டு கிடையாது, ஹேண்ட் பிரேக்கைச் சரிவில் நிறுத்திப் பார்த்து நம்பகமாக்குங்கள்.

கேள்வி: குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் தரையில் அதிர்வு வருகிறது. கியர்பாக்ஸ் மாற்றுவதற்கு முன் இல்லை.

பதில்: கிராஸ் மெம்பரை நீங்களே செய்திருந்தால் கியர்பாக்ஸ் பின்பக்கம் உயர்ந்தோ தாழ்ந்தோ இருக்கும். கியர்பாக்ஸ் சாய்வையும் பின் ஆக்சில் சாய்வையும் கோண மீட்டரில் எடுங்கள், இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக, ஒரு டிகிரிக்குள் இருக்கணும். ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் ஒன்று முதல் மூன்று டிகிரி வளைவு நல்லது. மவுண்டுக்குக் கீழே ஷிம் வைத்தாலே பல நேரம் போய்விடும். அதோடு வெட்டி ஒட்டிய புரொப்பெல்லர் ஷாஃப்டை பேலன்ஸ் செய்தார்களா என்றும் கேளுங்கள்.

கேள்வி: கியர்பாக்ஸுக்கு என்ன ஆயில்?

பதில்: அந்தக் கியர்பாக்ஸின் புத்தகம் சொல்வது. கெட்டியாக இருந்தால் நல்லது என்று நினைத்து ஊற்ற வேண்டாம். போர்க்வார்னர் டி-5 மாதிரி சிலவற்றுக்கு ஆட்டோமேட்டிக் ஆயிலான ஏடிஎஃப்தான் ஊற்றணும். பித்தளை சிங்க்ரோ உள்ள பழைய பாக்ஸ்களுக்கு ஜிஎல்-4 தர கியர் ஆயில் கேட்டிருந்தால் ஜிஎல்-5 ஊற்றாதீர்கள்.

கேள்வி: புது கிளட்ச். காலையில் நன்றாக இழுக்கிறது, அரை மணி ஓடி சூடானதும் மேட்டில் ஸ்லிப் ஆகிறது. ஆற வைத்தால் மறுபடி சரி. பிளேட் மட்டமானதா?

பதில்: பிளேட்டைப் பழி சொல்வதற்கு முன் புஷ் ராடைப் பாருங்கள். மாஸ்டருக்குள் பிஸ்டன் முழுசாகப் பின்னால் வந்தால்தான் டப்பாவுக்குப் போகும் சின்னத் துளை திறக்கும். புஷ் ராடைக் கொஞ்சம் நீளமாக வைத்துவிட்டால் அந்தத் துளை எப்போதும் மூடியே இருக்கும். ஆயில் சூடாகி விரியும்போது போக வழியில்லாமல் ஸ்லேவைத் தள்ளும், நீங்கள் மிதிக்காமலே கிளட்சைப் பாதி மிதித்தது போல் ஆகிவிடும். ஆறினால் ஆயில் சுருங்கி, சரியாகிவிடும். நீங்கள் எழுதியிருக்கிற அறிகுறி இதற்கு அப்படியே பொருந்துகிறது.

அடுத்த தடவை ஸ்லிப் ஆகும்போது ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஸ்லேவ் நிப்பிளைக் கால் சுற்று திறந்து பாருங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. ஆயில் அழுத்தத்தோடு பீச்சியடித்து, மூடியபின் கிளட்ச் உடனே பிடித்தால் உறுதி. புஷ் ராட் லாக் நட்டைத் தளர்த்தி, பெடல் மேலே இருக்கும்போது ராடைக் கையால் ஆட்டினால் ஒரு மி.மீ. அளவு ஆட்டம் தெரியும்படி குறைத்து, நட்டை இறுக்குங்கள். பெடலுக்குத் திரும்பி வர ஸ்பிரிங் இருக்கிறதா, மேலே ஸ்டாப்பில் வந்து நிற்கிறதா என்றும் பாருங்கள்.

ராட் சரியாக இருந்தும் இப்படி ஆனால், மாஸ்டர் எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். டிரம் பிரேக்குக்கான மாஸ்டரை கிளட்சுக்குப் போட்டிருந்தால், பிரேக்குக்குத் தேவையான கொஞ்ச அழுத்தத்தை எப்போதும் பிடித்து வைக்கும் வால்வு அதற்குள் இருக்கலாம், அதை எடுத்துவிட வேண்டும். பழைய ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருந்தாலும் ஆயில் திரும்பி வராது, அதை மாற்றிவிடுங்கள். இந்த மூன்றும் இல்லையென்று உறுதியான பிறகு, ஃபிளைவீல் முகத்தில் ஆயில் பட்டிருக்கிறதா என்று பார்க்கக் கியர்பாக்ஸை இறக்கலாம். புது பிளேட் என்பதால் முதல் 800 கிலோமீட்டர் வரை மேட்டில் கிளட்சை அரைகுறையாகப் பிடித்து நிறுத்துவதையும், கனமான எதையும் இழுப்பதையும் தவிருங்கள்.